தாய்மாமன் மடிக்கு ஒரு ஆட்டம்

கறி பாதி வேக்காட்டில் இருக்கிறது. கிழக்கே ஒரு மேளம் கேட்கிறது, மேற்கே ஒரு மேளம் கேட்கிறது. சமையல்காரன் என்ன செய்வான்? கரண்டியைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஓடுவான். நானும் ஓடினேன்.

"ஏங்க, கறியை விட்டுட்டு எங்க ஓடுறீக?" என்று வெங்காயத்துக்கு நடுவிலிருந்து கத்தினாள் என் வீட்டுக்காரி முத்துச்செல்வி.

"ஏய், ரெண்டு சீரு வருதுடி! ரெண்டு பக்கமும்!"

"வரட்டும். உப்புப் போட்டீகளா இல்லையா, அதச் சொல்லிட்டுப் போங்க."

போட்டேனா இல்லையா என்று எனக்கே ஞாபகம் இல்லை. மேளம் அப்படி அடித்தான். இருபத்திரண்டு வருஷமாக மதுரையைச் சுற்றி எத்தனையோ காதுகுத்துக்கு அடுப்பு மூட்டியிருக்கிறேன். ஒரே பிள்ளைக்கு இரண்டு தாய்மாமன் சீர், ஒரே நேரத்தில், இரண்டு திசையிலிருந்து வந்து கோயில் வாசலில் முட்டிக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இடம் கீழக்குயில்குடி. சமண மலை அடிவாரம், அய்யனார் கோயில், பக்கத்தில் தாமரைக் குளம். ஞாயிற்றுக்கிழமை. ஆலமரத்தடியில் என் மூன்று அடுப்பும் எரிகின்றன. மூன்று கிடா, முந்நூறு பேருக்குச் சாப்பாடு. புரட்டாசி பிறப்பதற்கு முந்தின ஞாயிறு என்பதால் கோயிலில் இன்னும் நாலு விசேஷம் நடக்கிறது. மலைப் பாறை சூடேறி, அந்த அனலும் அடுப்பு அனலும் சேர்ந்து என்னை வேகவைத்துக்கொண்டிருந்தன.

விசேஷ வீட்டுக்காரர்கள் ஆனையூரில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருப்பவர்கள். முகேஷ் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் பெண்டாட்டி பாண்டிமீனா பார்சல் குடோனில் வேலை பார்க்கிறாள். பெரிசும் சிறிசுமாக வருகிற அட்டைப் பெட்டிகளை இடைவெளி இல்லாமல் வண்டிக்குள் அடுக்குகிற வேலை. பிள்ளை பவதாரிணிக்கு மூன்று வயது. காலையிலேயே மொட்டை போட்டு, மண்டையில் சந்தனம் அப்பி, ஐஸ்குச்சி ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

மீனாவுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பிறந்த வீடு என்றால் இரண்டு அண்ணன்கள்தான். மூத்தவன் பால்பாண்டி, ஆனையூர் மெயின் ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறான். மீனா தன் விருப்பத்துக்கு முகேஷைக் கட்டிக்கொண்டாள் என்று நாலு வருஷம் தங்கச்சி முகத்தில் முழிக்கவில்லை. அவள் தினமும் வேலைக்குப் போவது அவன் கடை வாசல் வழியாகத்தான். அவளைக் கண்டதும் போன் பேசுகிற மாதிரி திரும்பிக்கொள்வானாம். இளையவன் சோணை, அலங்காநல்லூர் பக்கம் வாழை போட்டிருக்கிறான், சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி. கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதே அவன்தான். வளைகாப்புக்கு ஏழு வகைச் சாதமும் அவன் செலவு. சமைத்தது நான், அதனால் தெரியும்.

இப்போது மூத்தவன் மனசு மாறிவிட்டான். ஒரு வாரம் முன்னால் வீட்டு வாசலில் வந்து நின்று, "மருமகளுக்குக் காதுகுத்தாமே, எனக்குச் சொல்ல மாட்டியா?" என்று கேட்டானாம். மீனா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அழுதது சரி. சந்தோஷம் இரண்டு நாள்தான். பிறகுதான் மீனாவுக்கு உறைத்திருக்கிறது: தாய்மாமன் இரண்டு பேர், மடி ஒன்று.

காதுகுத்து அன்று காலையில் என் வீட்டுக்காரிக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தபடியே மீனா சொன்னாள்: "யாரு மடியில உக்கார வச்சாலும், இன்னொரு அண்ணன் இன்னையோட எனக்கு இல்லக்கா." பூண்டு உரிக்கிறவள் கண்ணில் தண்ணீர் வந்தால் வேறு காரணம் சொல்ல முடியாது. எனக்குப் பாவமாக இருந்தது.

மூத்தவன் சீர் இருபத்தொரு தட்டு. பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, மூன்று சக்கர சைக்கிள், கடையிலிருந்து பெரிய டேப்லெட் ஒன்று. அவன் போட்டோ போட்ட பிளெக்ஸ் வேறு. இளையவன் சீர் பதினொரு தட்டு, சொந்தத் தோட்டத்து வாழைத்தார் நாலு. இரண்டு பேரும் கம்மல் ஜோடி கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு மேளக்காரனும் ஒருத்தனை ஒருத்தன் முறைத்துக்கொண்டு அடித்ததில் குளத்துக் கொக்கெல்லாம் பறந்துவிட்டது.

மரத்தடியில் மனைப்பலகை போட்டிருந்தது. ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு ஆசாரி உட்கார்ந்திருந்தார். "மணி பத்தே முக்கால். பன்னெண்டுக்கு எமகண்டம். யாரு மடின்னு சொல்லுங்கப்பா, நான் குத்திட்டுக் கெளம்புறேன்."

"மூத்தவன் மடிதேன். இதுல என்ன பேச்சு?" என்றார் அவர்களுடைய சித்தப்பா நல்லகாமன். சோறு ஆறிப்போனதற்குக்கூடப் பஞ்சாயத்துக் கூட்டுகிற ஆள்.

சோணை விடவில்லை. "நாலு வருசமா எங்க போயிருந்துச்சு சித்தப்பா அந்த மூத்த மடி? இவ பிரசவத்துக்கு ஆசுபத்திரி வாசல்ல மூணு நாளு படுத்துக்கெடந்தது யாரு?"

"தப்புத்தேன்டா," என்றான் பால்பாண்டி. "அது தெரிஞ்சுதேன் வந்துருக்கேன். இன்னைக்கும் உக்காரக் கூடாதுன்னா, வந்ததே தப்புன்னு சொல்லிருங்க. தட்டைத் தூக்கிட்டுப் போறேன். பெறகு ஆனையூர்ல நான் ஒரு அண்ணன் இருக்கேன்னு இவ நெனைக்க வேணாம்."

"நீ உக்காந்தா நான் போறேன்," என்றான் சோணை. "நானும் திரும்பி வர மாட்டேன்."

மீனா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகேஷ், "மச்சான், கொஞ்சம் பொறுங்க மச்சான்," என்று யாரைப் பார்த்துச் சொல்வதென்று தெரியாமல் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார் நல்லகாமன். சீட்டில் போனால் மானம் போகும் என்று இரண்டு பேரும் ஒரே வாயாக மறுத்தார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

அந்த நேரத்தில்தான் முகேஷின் அக்கா மகன் சோணையின் சீர்த்தட்டிலிருந்து எதையோ எடுத்து, "மாமா, இது ஏசி ரிமோட்டா?" என்று கேட்டான்.

பால்பாண்டி திரும்பிப் பார்த்தான். சாம்பல் நிறத்தில் சின்னத் திரை, கீழே மஞ்சள் பட்டன்கள். கையில் வைத்து விளையாடுகிற வீடியோ கேம். மேலிருந்து கட்டை கட்டையாக விழும், இடைவெளி இல்லாமல் அடுக்கினால் வரிசை கரையும், அதேதான். சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். சோணை பெண்டாட்டி சீர்த்தட்டில் இருந்த சாமான் ஒன்று விடாமல் பொட்டு வைத்திருந்தாள், வாழைத்தாருக்கும் சேர்த்து.

"அடப்பாவி! இதையா மருமகளுக்குச் சீரா கொண்டாந்த?" பால்பாண்டிக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "இதைச் சரஞ்சரமாக் கட்டித் தொங்கவிட்டு வித்தவன்டா நானு. கடை தொறந்த புதுசுல, தீபாவளிக்கு ஒரே நாள்ல அறுபது போகும். செல்லு வந்துச்சு, அம்புட்டு வெளையாட்டும் அதுக்குள்ள போயிருச்சு. கடேசியா நாப்பது பீசு கெடந்துச்சு, ஓசியாக் குடுத்தாக்கூடப் பயலுக வாங்கல. பேரீச்சம்பழத்துக்குப் போட்டேன்."

"அதான் மதுரை முழுக்கத் தேடியும் எனக்கு ஒண்ணு சிக்கல. டவுன்ஹால் ரோட்டுல கேட்டா, 'அண்ணே எந்தக் காலத்துல இருக்கீக'ன்னு சிரிக்கிறாய்ங்க. விளக்குத்தூண்ல இல்ல. பொருட்காட்சில இல்ல. மூணு மாசம் அலைஞ்சேன். கடேசில அலங்காநல்லூர்ல ஒரு பேன்சி ஸ்டோர்ல, வளவிப் பெட்டிக்குப் பின்னாடி கெடந்துச்சு. கடைக்காரருக்கே அது இருக்குறது தெரியாது."

"எதுக்குடா இம்புட்டு அலைச்சல்?"

"அப்பா வாங்கிக் குடுத்த மாதிரியே இருக்குல்ல?" என்றான் சோணை.

பால்பாண்டி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் மூத்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "அதுல என்னைய ஒருநாளு ஜெயிச்சிருப்பியாடா நீ?"

"வா. இப்ப வா. ஜெயிச்சவன் மடி!"

"வாடா!"

கூட்டம் ஓவென்று கத்தியது. மானம் போகும் என்று சீட்டுக் குலுக்க மறுத்த இரண்டு தடிமாடுகள், சின்னப்பிள்ளை விளையாட்டுச் சாமானுக்கு வேட்டியை மடித்துக் கட்டுகிறார்கள்!

"மீனா, நீ வந்து பக்கத்துல நில்லு, நீதேன் எண்ணிக்கை," என்றான் மூத்தவன். "அப்பவும் அவதேன் எண்ணுவா, சித்தப்பா. அவ சொன்னா ரெண்டு பேருக்கும் சம்மதம்." மீனா பிள்ளையோடு வந்து நின்றாள்.

பின்மூடியைத் திறந்தால் பேட்டரிக் கட்டை இல்லை. பென்சில் கட்டை இரண்டு வேண்டும். சுற்றி நின்ற நூறு பேர் கையிலும் போன் இருக்கிறது, கட்டை ஒருத்தரிடமும் இல்லை. மைக்செட்காரன் கையிலிருந்த ஒயர் இல்லாத மைக்கில், "அன்பான தாய்மாமன்மார்கள் கவனத்திற்கு..." என்று ஆரம்பித்தான். சோணை அந்த மைக்கைப் பிடுங்கி, அடியைத் திருகி, இரண்டு கட்டையையும் உருவிவிட்டான். அதன்பின் அன்றைக்கு அறிவிப்பே கிடையாது.

பட்டனை அமுக்கியதும் டிங்கிடி டிங்கிடி என்று ஒரு பாட்டு வந்தது. இரண்டு அண்ணன் முகமும் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

மூத்தவன் என்பதால் பால்பாண்டிக்கு முதல் ஆட்டம். ஆயிரம் வரைக்கும் ஜோராகப் போனான். அப்புறம் கட்டையெல்லாம் வலது பக்கமே விழுந்து குவிய ஆரம்பித்தது. "இடப்பக்கம் போக மாட்டேங்குது! டேய், பட்டன் வேலை செய்யலடா!" என்று அலறினான். கட்டை உச்சியை முட்டி ஆட்டம் முடிந்தது. இரண்டாயிரத்து நூறு.

உற்றுப் பார்த்தால், பொட்டு வைத்த சந்தனம் காய்ந்து, அமுக்க அமுக்க உதிர்ந்து, இடது பட்டனுக்குள் அடைத்துக்கொண்டிருக்கிறது.

"சாமானுக்குச் சந்தனம் வைக்கலாம், பட்டனுக்கு வப்பாகளா?" என்று நல்லகாமன் தலையில் அடித்துக்கொண்டார். ஆசாரி, "கொண்டாங்க இங்க," என்று வாங்கி, காது குத்துகிற ஊசியாலேயே பட்டன் ஓரத்தைச் சுரண்டி, ஊதி, சுத்தம் செய்து கொடுத்தார். கொடுத்துவிட்டு ஊசியை மறுபடி வெந்நீரில் போட்டார். வெந்நீர் என்னுடையது.

சோணை உட்கார்ந்தான். பட்டன் வெண்ணெய் மாதிரி போனது. ஐயாயிரத்து நானூறு!

"செல்லாது!" என்றான் பால்பாண்டி. "எனக்கு மறு ஆட்டம் வேணும். உம் பொண்டாட்டி சந்தனத்தை அப்பி விட்டுட்டா."

"ஆட்டம்னா ஆட்டந்தேன். முடிஞ்சது முடிஞ்சதுதேன்."

"தங்கச்சி மகளுக்குச் செய்யிறதுலயும் களவாணித்தனமா?"

"யாரு களவாணி? நாலு வருசம் எட்டிப் பாக்காதவன் பேசுற பேச்சா இது?"

சட்டைக் காலரில் கை போய்விட்டது. மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். என் கையிலிருந்த சல்லிக்கரண்டியோடு நானும் நடுவில் பாய்ந்தேன். மணி பதினொன்றரை. மூத்தவன் ஆட்கள் தட்டுகளைத் தூக்க ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன்.

"கொண்டா இங்க."

மீனா. பிள்ளையை முகேஷ் கையில் கொடுத்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு ஒரு ஆட்டம் பாக்கி இருக்கு."

"உனக்கென்னத்தா ஆட்டம்?" என்றான் சோணை.

"சின்னண்ணே, அப்பா வாங்கிக் குடுத்ததை ரெண்டு வருசம் ஆடுனீக. முந்நூறு எண்ணுற வரைக்கும் பெரியண்ணே, பெறகு முந்நூறு எண்ணுற வரைக்கும் நீயி. எண்ணுனது நானு. எண்ணி முடிச்சா 'அடுத்து நீதேன்'ம்பீக. என் முறை வந்ததும் 'கட்டை தீந்துபோச்சு, போ'ம்பீக. நான் அந்தப் பேட்டரிக் கட்டையை எடுத்துட்டுப் போயி மொட்டமாடி வெயில்ல காயவைப்பேன். சூடு ஏறுனதும் ஓடியாந்து குடுப்பேன். மறுபடி நீங்கதேன் ஆடுவீக. ஒருநாளு நான் அந்தப் பட்டனைத் தொட்டதுண்டா?"

என் வீட்டுக்காரி, "கேளுத்தா, நல்லாக் கேளு," என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"உங்க ரெண்டு பேரையும் நான் ஜெயிச்சா, மடி எதுன்னு நான் சொல்லுவேன். கோவிச்சுக்கிட்டுப் போறேன்னு யாரு வாயிலயும் ஒரு வார்த்தை வரக்கூடாது. சம்மதமா?"

பால்பாண்டி சிரித்தான். "தொட்டதே இல்லைங்குற. நீ எங்கத்தா ஜெயிக்க? ஆடு, ஆடு."

"ஆடட்டும்," என்றான் சோணை.

மனைப்பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பாட்டு வந்தது. கட்டை விழ ஆரம்பித்தது. முதல் மூன்று கட்டையும் கோணல்மாணலாகப் போய் உட்கார்ந்தன. அப்புறம் அவள் முகம் மாறியது. குடோனில் வண்டிக்குப் பெட்டி ஏற்றுகிறவள் அல்லவா? எது எங்கே உட்காரும் என்று விழுவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்தது. ஆயிரம் தாண்டியது. இரண்டாயிரத்து நூறைத் தாண்டியதும் மூத்தவன், "ஏய், பரவாயில்லையே!" என்று குனிந்தான். மூவாயிரம். இளையவன் மறு தோள் பக்கம் வந்து எட்டிப் பார்த்தான்.

"அந்த ஓரத்தை அடைச்சிராத மீனா!"

"எனக்குத் தெரியும் பெரியண்ணே."

"நெட்டைக் கட்டைக்குத்தேன் அந்த ஓட்டையை விட்டு வச்சிருக்கா. நீ சும்மா இருண்ணே," என்றான் சோணை.

நாலாயிரத்து முந்நூறு. வேகம் கூடிவிட்டது. நெட்டைக் கட்டை வருவேனா என்கிறது. குவியல் ஏறி ஏறித் திரை உச்சிக்கு அரை விரற்கடை கீழே நிற்கிறது. மணி பதினொன்று நாற்பத்தைந்து. ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டார். போன் நோண்டிக்கொண்டிருந்த பயல்களெல்லாம் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். கறி என்ன ஆனதோ, எனக்கு அந்த நினைப்பே இல்லை.

"வருது! நெட்டை வருது!" என்று இரண்டு அண்ணனும் ஒரே குரலில் கத்தினார்கள்.

வந்தது. மீனா ஒரே அமுக்கில் அதை நிமிர்த்தி, ஓரத்துக்குக் கொண்டுபோய் இறக்கினாள். நாலு வரிசையும் ஒன்றாகக் கரைந்தது. ஐயாயிரத்து எண்ணூறு!

யார் சொன்னார்களோ, இரண்டு மேளமும் சேர்ந்து அடித்தது. பால்பாண்டி சோணையைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். அப்புறம் யாரைக் கட்டிப்பிடித்திருக்கிறோம் என்று தெரிந்து கையை எடுத்தான். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் அவன் தோளிலேயே போட்டுக்கொண்டான்.

மீனா ஒரு பட்டனை அமுக்கினாள். கட்டை அந்தரத்தில் அப்படியே நின்றது. "எம்புள்ளையக் கொண்டாங்க. எம்மடியிலதேன் உக்காரும். அண்ணன்மாரு ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் உக்காந்து பிடிச்சுக்கங்க. ஆளுக்கு ஒரு காது, அவுகவுக கொண்டாந்த கம்மல்."

"ஆத்தா மடியிலயா? முறை இல்லையே!" என்றார் நல்லகாமன்.

"காது யாரு மடியில இருந்தாலும் குத்துறவன் நான்தேன்," என்றார் ஆசாரி. "எமகண்டத்துக்குப் பத்து நிமிசம் இருக்கு. எல்லாரும் வாய மூடுங்க."

பிள்ளை வீறிட்டது. வலது காதில் பெரியவன் கம்மல், இடது காதில் சின்னவன் கம்மல், ஒன்று சிவப்புக்கல், ஒன்று பச்சைக்கல். பிள்ளை அழ அழ இரண்டு மாமனும் அழுதார்கள். பால்பாண்டி தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு, "நாலு வருசம் போச்சுத்தா," என்றான். போச்சுதான் என்று அவளும் அழுதாள். நானும் அழுதேன், புகை என்று சொல்லிக்கொண்டேன்.

பந்தி போட்டோம். கறியில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. நான் ஒரு தடவை, என்னை நம்பாமல் முத்துச்செல்வி ஒரு தடவை. உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுச் சமாளித்தோம். நல்லவேளை, பாதிப் பேர் நெட்டைக் கட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

கடைசிப் பந்தியில் மீனாவுக்கு இலை போட்டு நான் போய்க் கூப்பிட்டேன். மரத்து வேரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மடியில் தூங்கிவிட்டது. அவள் கையில் அந்த வீடியோ கேம். நிறுத்தி வைத்த ஆட்டத்தை எடுத்து ஆடிக்கொண்டிருக்கிறாள். எதிரே மூத்தவனும் இளையவனும் பந்திக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இருநூத்தித் தொண்ணூத்தெட்டு, இருநூத்தித் தொண்ணூத்தொம்பது, முந்நூறு," என்று எண்ணி முடித்தான் பால்பாண்டி. "குடு ஆத்தா. முந்நூறு ஆச்சு. அடுத்து நான்தேன்."

"அடுத்து அவரு, பெறகு நானு," என்றான் சோணை. "ஒரே ஒரு ஆட்டம் மீனா."

மீனா தலை நிமிரவில்லை.

"கட்டை தீந்துபோச்சுண்ணே," என்றாள்.

நான் அவளுக்குப் பின்னால்தான் நின்றேன். திரையில் நெட்டைக் கட்டை ஒன்று அழகாக இறங்கிக்கொண்டிருந்தது.